சரோஜா கற்றுக்கொண்ட இருபத்தெட்டு

சரோஜா யாரையாவது அடிப்பதற்கு முன்னால் வளையல்களைக் கழற்றிவிடுவாள். கைக்கு இரண்டாக நான்கு பச்சைக் கண்ணாடி வளையல்கள். ஈப்போவுக்குப் போகும்போது வாங்கி வருவது. ஒவ்வொன்றாக உருவி, குளிருக்குப் போட்டிருக்கும் சுவெட்டரின் பைக்குள் வைத்து, பைக்குப் பொத்தானும் போடுவாள். அதுவரை வாய் திறக்காது. பொத்தான் போட்ட கை அப்படியே எழும்பி எதிரில் நிற்பவன் கன்னத்தில் இறங்கும்.

நளினி இதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம், கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்கிறவன் ஒருவன் மீதிச் சில்லறை கொடுக்கிற சாக்கில் நளினியின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பக்கத்தில் சோளம் வாங்கிக்கொண்டிருந்த சரோஜா வளையலைக் கழற்ற ஆரம்பித்தாள். என்ன செய்கிறாள் என்று நளினிக்கு அப்போது புரியவில்லை. நாலாவது வளையல் பைக்குள் போன பிறகு புரிந்தது. அவன் தன் கூடைகளின் மேலேயே விழுந்தான். பழச்சாறா ரத்தமா என்று தெரியாமல் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரி ஒருத்தி அழுதாள்.

சரோஜா நளினியின் புருஷன் ரூபனுக்கு அக்காள். நளினி அவளை அண்ணி என்று கூப்பிடுவாள். சரோஜாவின் சின்ன வயதில் அவள் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். பதின்மூன்று வயதில் சரோஜா கவ்வாத்துக் கத்தியின் பிடியால் அப்பாவின் முழங்காலில் ஓங்கி ஒன்று போட்டாள். அதற்குப் பிறகு அப்பா அடிப்பதை நிறுத்திவிட்டார். சரோஜா நிறுத்தவில்லை. அவளைக் கட்டிக்கொண்டவன் ஒரே ஒரு தடவை கை நீட்டினான். அவன் இப்போது சித்தியவானில் இருப்பதாகக் கேள்வி. அம்மாவும் அப்பாவும் போன பிறகு தம்பியை வளர்த்ததும் அந்தக் கைதான், அவன் முதுகில் அதிகம் விழுந்ததும் அந்தக் கைதான். நளினியின் மேல் மட்டும் அது ஒரு நாளும் விழுந்ததில்லை. ஏன் என்று நளினி யோசித்திருக்கிறாள். விழாதவரைக்கும் சரி என்று இருந்துவிட்டாள்.

இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே மிஷினைப் பிடித்தார்கள். இந்தக் காலத்தில் யாரும் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளுவதில்லை. ஆள் நீளத்துக்கு வளைந்த பிளேடு, அதன் பின்னால் தொங்கும் பெரிய பை, பையைப் பிடித்துக்கொண்டு வர ஓர் ஆள். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு முனையில் எஞ்சினும் விசையும் இருக்கும். எஞ்சின் பக்கம் நிற்கிறவர் இழுத்த வேகத்துக்கு அடுத்தவர் போக வேண்டும். சரோஜா எப்போதும் எஞ்சின் பக்கம். சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் எல்லாம் கைப்பிடி வழியாகத்தான். ஒரு தடவை இழுத்தால் நட. இரண்டு தடவை இழுத்தால் நில், விசையை விடு, பிளேடில் ஏதோ சிக்கிவிட்டது என்று அர்த்தம்.

அவர்கள் இருந்த லயத்து வீடு, தொழிலாளர்களுக்கான வரிசை வீடு, தோட்டத்தினுடையது. ரூபன் தோட்ட வேலையை விட்டுவிட்டு பிரிஞ்சாங் வியாபாரி ஒருவருக்குக் காய்கறி லோரி ஓட்டப் போன பிறகு, அந்த வீட்டில் இருக்க வேண்டுமானால் செக்ரோல் என்கிற ஆள் பதிவில் அந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு பேர் சரோஜாவும் நளினியும். பதிவிலிருந்து ஒரு பேர் அடிக்கப்பட்டால் ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகள் அப்போது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. முதல் இரண்டு வாரம் ரூபன் முட்டைக்கோஸை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்தான். பக்கத்து வீட்டுத் தங்கராஜுவும் உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெண்டாட்டி இல்லாதவர். அவரும் நளினியும் இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் ஆடத் தெரிந்தவர்கள். நளினி, காய்கறித் தோட்டத்தில் அப்பாவும் சித்தப்பாக்களும் ஆடுவதைப் பார்த்தே பழகியவள். ரூபனுக்கு அரைகுறையாகத் தெரியும். நாலாவது ஆள் இல்லை. லயத்தில் பதினாறு கதவு இருந்தும் தமிழ் வீடு மூன்றுதான். மற்றதெல்லாம் வங்காளதேசத்துக்காரர்களும் நேப்பாளிகளும். மூன்றாவது தமிழ் வீட்டுக்காரர்கள் ஊரடங்குக்கு முன்னாலேயே மகன் வீட்டுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

"சரோஜாவக் கூப்பிடு," என்றார் தங்கராஜு.

"மாமா, அடுப்புல போட்டிருவாங்க. போன கட்டு அப்படித்தான் போச்சு," என்றான் ரூபன்.

உண்மைதான். சீட்டு சோம்பேறிகளுக்கு என்று சொல்லி ஒரு கட்டை முழுக்க எரித்து, எரிந்து முடிகிறவரைக்கும் ரூபனை இடுக்கியால் சாத்தியவள் அவள். ஆனால் பத்து நாள் வேலை இல்லாமல் இருந்ததில் அவளுக்கே கை பரபரத்தது. வந்து உட்கார்ந்தாள், நளினிக்கு எதிரில்.

நளினி சொல்லிக்கொடுத்தாள். "ஜாக்கிக்கு மூணு, ஒம்பதுக்கு ரெண்டு, ஆஸுக்கு ஒண்ணு, பத்துக்கு ஒண்ணு. மத்ததுக்கு ஒண்ணுமில்ல அண்ணி. எல்லாம் கூட்டுனா இருபத்தெட்டு. எத்தன எடுப்போம்னு முதல்லயே கேட்டுறணும். கேட்டத எடுக்கணும்."

"ராஜாவுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ராணிக்கு?"

"அவளுக்கும் ஒண்ணுமில்ல."

"அப்ப எதுக்குடி கிரீடம்?"

ரூபன் சிரித்தான். வளையல்கள் பைக்குள் போயின, ரூபனுக்கு ஒன்று விழுந்தது, வளையல்கள் திரும்பக் கைக்கு வந்தன, ஆட்டம் தொடர்ந்தது. அந்த ஏப்ரல் முழுக்க இப்படித்தான். போட்ட சீட்டைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று சொன்ன தங்கராஜுவின் மணிக்கட்டில் அகப்பை இறங்கியது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் உடைந்தன. துருப்பு என்றால் எந்த இனத்தையும் வெட்டும் என்று தெரிந்த அன்று சரோஜாவுக்கு இருபத்தெட்டு பிடித்துப்போனது. இஸ்பேட் துருப்பென்றால் கையில் இருக்கும் இஸ்பேட் ஏழு கூட ஆட்டீன் ஆஸை வெட்டிவிடும். வெட்டும்போது சீட்டை மேசையில் வைக்க மாட்டாள். அறைவாள். தேநீர்க் கிளாஸ்கள் குதிக்கும்.

அவளுக்கு வராதது ஒன்றுதான். எதிரில் உட்கார்ந்திருப்பவள் தன் கூட்டாளி என்பது. நளினி எடுக்கப் போகிற பிடியில், அந்தச் சுற்றில், தன் பத்தையோ ஆஸையோ போட்டுப் புள்ளி சேர்க்க வேண்டும் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "நான் எடுக்கறதுக்குத்தானே உக்காந்திருக்கேன்? நீ சும்மா கூட வா," என்பாள் சரோஜா. நளினிக்கு அந்த வார்த்தை பழக்கமானது. வரிசையில் தினமும் காலையில் மிஷினைத் தூக்கும்போது சொல்கிற அதே வார்த்தை.

ஊரடங்கு தளர்ந்து வேலை தொடங்கிய பிறகும் ஞாயிறு மதியங்களில் ஆட்டம் நிற்கவில்லை. தோற்றவர்களுக்குத் தங்கராஜு ஒரு தண்டனை வைத்திருந்தார். துணி காயப்போடும் கிளிப்பைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அடுத்த ஆட்டம் ஜெயிக்கிறவரைக்கும். ஜோடியில் யார் போட்ட சீட்டால் ஆட்டம் போனதோ, அவர் கூட்டாளியின் கிளிப்பையும் சேர்த்து மாட்டிக்கொள்ள வேண்டும். சரோஜாவின் காதில் கிளிப் மாட்ட யாருக்கும் தைரியம் வந்ததில்லை. அவளே எடுத்து மாட்டிக்கொள்வாள், ஒன்றுதான். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அடுத்த வருடம் ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை பெரட்டில், ஆள் கணக்கெடுத்து முடித்த பிறகு தோட்டத்துத் துரை நளினியைத் தனியாகக் கூப்பிட்டார். ஆட்களை வேலை வாங்குகிற பழைய மண்டோர் வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், நீ எஸ்.பி.எம். பரீட்சை முடித்தவள், உன் வரிசையில் ஒரு விபத்து கிடையாது, விண்ணப்பம் எழுதிக் கொடு என்றார். அந்தத் தோட்டத்தில் அதுவரை மண்டோர் வேலையில் பெண் இருந்ததில்லை. நளினி வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சரோஜாவிடம் சொன்னபோது, "அப்ப நாளைக்கு என்னையே வேலை வாங்குவியா?" என்று கேட்டாள். சிரித்தாளா இல்லையா என்று தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. மழை. நளினி பத்தொன்பது கேட்டாள். துருப்பு இஸ்பேட். ஆட்டம் நன்றாகப் போனது. கையில் ஆளுக்கு மூன்று சீட்டு மிச்சம் இருக்கும்போது நளினி ஆட்டீன் ஜாக்கியை இறக்கினாள். அதை மிஞ்ச அந்த இனத்தில் சீட்டு கிடையாது. தங்கராஜு ஆட்டீன் ஏழைப் போட்டார். சரோஜாவிடம் ஆட்டீன் இல்லை. அவள் செய்ய வேண்டியது டைமன் ஆஸை அதில் போட்டுவிடுவது. ஒரு புள்ளியும் சேரும். கையில் டைமனே இல்லாமலும் போகும். கடைசியில் ரூபனின் டைமன் ஜாக்கி வரும்போது துருப்பு ஒன்பதால் அதை வெட்டலாம். நளினி அவள் முகத்தையே பார்த்தாள்.

சரோஜா இஸ்பேட் ஒன்பதை எடுத்து, மேசை அதிர, நளினியின் ஜாக்கி மேலேயே அறைந்தாள்.

எண்ணிப் பார்த்தபோது பதினெட்டு. ஒன்று குறைவு. சரோஜா தன் கிளிப்பைத் தானே ஒரு காதில் மாட்டிக்கொண்டாள்.

நளினி பதினோரு வருடத்தில் பேசாததைப் பேசினாள். மண்டோர் வேலை தலைக்கு ஏறியிருந்ததோ என்னவோ. "நம்ம பிடிய நம்மளே வெட்டுவாங்களா அண்ணி? மிஷின் மாதிரி எல்லாத்தையும் நீங்களே இழுத்துக்கிட்டுப் போனா இங்க எதுக்கு நாலு பேரு?" என்று சொல்லி, தன் காதுக்கு வரவேண்டிய கிளிப்பை எடுத்துச் சரோஜாவின் இரண்டாவது காதில் மாட்டினாள். சிரித்துக்கொண்டேதான் மாட்டினாள்.

"ரெண்டு காதுலயும் கம்மல் லா," என்றார் தங்கராஜு. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு. ரூபனும் சிரித்தான்.

சரோஜாவின் கை வளையலுக்குப் போனது. ஒன்றைக் கழற்றினாள். கையில் வைத்துப் பார்த்தாள். திரும்ப மாட்டிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். பரவாயில்லை, அண்ணி மாறிவிட்டாள் என்று நளினி நினைத்தாள்.

வேலைக்குப் போகும்போது வளையல் போடக் கூடாது. அதனால் திங்கட்கிழமை காலையில் முன்கூட்டித் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

ஒன்பது மணி இருக்கும். மேட்டுச் சரிவில் நாலாவது வரிசை. காய்ந்த மிலாறுக் குச்சி ஒன்று பிளேடில் மாட்டியது. நளினி கைப்பிடியை இரண்டு தடவை இழுத்தாள். எஞ்சின் சத்தம் இறங்கியது, பிளேடு நின்றது. விதிப்படி எஞ்சினை முழுசாக அணைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். அணைத்துத் திரும்ப முடுக்க நேரமாகும் என்று யாரும் அணைப்பதில்லை, நாளைக்கு இருபது தடவை அப்படியே கை வைத்து எடுப்பார்கள். நளினியும் இடது கையை வைத்தாள். எதிரே பார்த்தாள். சரோஜா அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஞ்சின் உறுமியது.

நடுவிரலும் மோதிர விரலும் இரண்டாவது கணுவோடு போயின. வலி உடனே வரவில்லை. வெட்டிய கொழுந்தோடு விரல்களும் பின்னால் பைக்குள் பறந்ததை நளினி கண்ணால் பார்த்தாள். பை பிடித்துக்கொண்டிருந்த வங்காளதேசத்து ஆள் உள்ளே கையை விட்டுத் துழாவி, எதையோ தொட்டு, வாந்தியெடுத்தான். ரத்தம் செடிமேல் தெறித்து இலைகளிலிருந்து சொட்டியது.

சரோஜா மிஷினைத் தூக்கி எறிந்துவிட்டுச் செடியைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். தலைத்துணியை அவிழ்த்துக் கையை இறுக்கிக் கட்டினாள். நளினியைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினாள். கால் வழுக்கி இரண்டு தடவை முட்டியில் விழுந்தாள். தோளில் இருந்தவளை விடவில்லை. ரோட்டில் இலை லோரி நின்றது. ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியிடம் கேட்காமல் எடுக்க முடியாது என்றான் டிரைவர். அவன் தலைமுடியைப் பிடித்து ஸ்டியரிங்கில் மோதினாள். அதற்குப் பிறகு லோரி தானா ராத்தா ஆஸ்பத்திரி போகும்வரை நிற்கவில்லை. மூக்கில் ரத்தம் வழிய அவன் ஓட்டினான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு கிராணி மகேஸ்வரன் வந்தான். முப்பது வயதுக்காரன், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன். கையில் பாரம், விபத்தைப் பதிகிற படிவம்.

"நளினிக்கா, மன்னிச்சிக்குங்க, இன்னைக்கே அனுப்பணும். மிஷின் ஓடிக்கிட்டிருந்துச்சா, நின்னுச்சா?"

கட்டிலின் கால்மாட்டில் சரோஜா நின்றாள். நளினி அவளைப் பார்த்தாள். நின்றிருந்தது, பிறகு ஓடியது என்று சொன்னால் போதும். விசை ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. அவள் பேரை அன்றே அடித்துவிடுவார்கள். ஒரு மாதத்தில் வீடு போகும். மகளின் பள்ளிக்கூடம் போகும். இதையெல்லாம் நினைப்பதற்கு எவ்வளவு நேரம் எடுத்தாள் என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறாள். ஒரு மூச்சுக்கு மேல் இருக்காது.

"ஓடிக்கிட்டிருந்துச்சு. அணைக்காம கை வச்சிட்டேன். என் தப்புதான்."

மகேஸ்வரன் மலாயில் எழுதினான். கெச்சுவாயான் செண்டிரி, சொந்தக் கவனக்குறைவு. "சரோஜாக்கா, நீங்க ஏதாச்சும் சொல்லணுமா?"

"அதான் அவளே சொல்லிட்டாள்ல," என்றாள் சரோஜா.

வருடக் கடைசியில் வேறு ஒருவர் மண்டோர் ஆனார். நளினியை நாற்றுமேடைக்கு மாற்றினார்கள், பிளாஸ்டிக் பையில் மண் நிரப்பும் வேலை. விபத்து எழுதப்பட்டவர்களுக்கு மிஷின் கிடையாது.

கைக்கட்டுப் பிரித்த மறு ஞாயிறே சரோஜா சீட்டுக்கட்டை எடுத்து வைத்தாள். எட்டுச் சீட்டை விசிறி மாதிரிப் பிடிக்க நளினியின் இடது கைக்கு முடியவில்லை. நழுவி மடியில் விழுந்தன. சரோஜா எழுந்து போய் மூங்கில் துண்டை நடுவில் பிளந்து, ஆணியடித்து, சீட்டைச் செருகி நிறுத்த ஒரு தாங்கி செய்துகொண்டு வந்தாள். சுத்தியல் அடித்த அடியில் லயமே அதிர்ந்தது.

அதற்குப் பிறகு அவள் ஆடியதைத்தான் நளினியால் புரிந்துகொள்ள முடியவில்லை. ஒரு பாடமும் இல்லாமல் சரோஜாவுக்கு இருபத்தெட்டு வந்துவிட்டது. நளினி ஜாக்கியை இறக்கினால் எதிரிலிருந்து பத்தோ ஆஸோ வந்து விழும், மெதுவாக, சத்தமில்லாமல். நளினி எதில் பலமாக இருக்கிறாள், எது இல்லாமல் தவிக்கிறாள் என்று முகத்தைப் பார்க்காமலே தெரிந்துவைத்திருந்தாள். துருப்பைக் கடைசிவரை கையில் வைத்திருந்து, வேண்டிய இடத்தில் மட்டும் போட்டாள். அந்த ஜோடியைத் தங்கராஜுவாலும் ரூபனாலும் மாதக்கணக்கில் ஜெயிக்க முடியவில்லை. கிளிப் மாட்டி மாட்டியே அவர்கள் காது காய்த்துப்போனது.

வெளியே கை அப்படியேதான் இருந்தது. பிரிஞ்சாங் பசார் மாலாமில், இரவுச் சந்தையில், ஒருவன் நளினியின் கையைப் போல் இரண்டு விரலை மடக்கிக்காட்டிக் கூட இருந்தவனிடம் என்னவோ சொன்னான். சரோஜா அவனைக் கீழே தள்ளி, அந்த விரல்களின் மேலேயே செருப்புக் காலால் ஏறி நின்றாள். மூன்று பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

நளினி ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அந்த ஆட்டம் சுகமாக இருந்தது. அதுதான் அவளைக் குடைந்தது. விரலை வாங்கியவளோடு ஆடுவது எப்படிச் சுகமாக இருக்க முடியும்? வேண்டுமென்றே அழுத்தினாளா, இல்லை ஆத்திரத்தில் கை தானாக இறுகியதா? அந்தக் கிளிப்பை நான் மாட்டியிருக்க வேண்டாமோ? கிளிப்புக்கு விரலா? கேட்டுவிட்டால் என்ன? கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எங்கே உட்காருவது? பத்தும் ஆஸும் வந்து விழும்போதெல்லாம் இது மன்னிப்பு என்று ஒரு நாள் தோன்றும். இது மன்னிப்புக் கேட்காமல் இருப்பதற்கு ஒரு வழி என்று மறுவாரம் தோன்றும்.

2024 தொடக்கத்தில் ரூபனுக்குத் தானா ராத்தாவில் மலிவு விலை அடுக்குமாடி வீடு கிடைத்தது. சாவி வாங்கி, பால் காய்ச்சி, எல்லோரும் குடிபோனார்கள். தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதே மாதம் மண்டோர் வேலை மறுபடி காலி என்று செய்தி வந்தது.

நளினி அன்று சாயங்காலமே சொன்னாள். சரோஜா கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இப்ப வீடு நம்மளுது. யாரும் வெளிய போகச் சொல்ல முடியாது."

"ம்."

"எனக்கு இன்னொரு தடவ அந்த வேலை வரப்போவுது. அந்த ரிப்போட்டு இருக்கறவரைக்கும் குடுக்க மாட்டாங்க. நீங்க மகேஸ்வரன்கிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும். விசை கை தவறிப் பட்டுருச்சுன்னு சொல்லுங்க. வேணும்னுட்டுன்னு நான் சொல்ல மாட்டேன். இத்தன வருஷம் வேலை பாத்தவங்கள அதுக்காக நிறுத்த மாட்டாங்க. நிறுத்தினாலும் நான் சம்பாதிச்சுப் போடறேன்."

சரோஜா கழுவிய கருவாட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள். பிறகு சட்டியை அப்படியே சுவரில் எறிந்தாள். கருவாட்டுத் தண்ணீர் புது வெள்ளையடிப்பில் ஒழுகியது.

நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. நளினி நாற்றுமேடையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். சரோஜா வேலையை நடுவில் விட்டுவிட்டு ஆபீஸ் பக்கம் போவது தெரிந்தது. சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தாள். மண் கையோடு எழுந்து பின்னாலேயே நடந்தாள்.

பாதி வழியிலேயே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது.

சரோஜா மகேஸ்வரனின் சட்டையைப் பிடித்து மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தாள். அவன் வாயில் ரத்தம். மேசைக் கண்ணாடி தரையில் நொறுங்கிக் கிடந்தது. அவள் இன்னும் அறைந்துகொண்டிருந்தாள், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒன்று.

"யாரக் கேட்டு எழுதுன? அவளா கவனக்கொறவு? பதினோரு வருஷத்துல ஒரு கீறல் பட்டதில்லடா அவளுக்கு."

"அவங்கதானேக்கா சொன்னாங்க," என்றான் மகேஸ்வரன், கையால் முகத்தை மறைத்துக்கொண்டு.

"அவ சொன்னா எழுதிருவியா? நீ கிராணியா, கிளிப்பிள்ளையா?"

நளினி வாசலில் நின்றாள். "அண்ணி," என்றாள். "அடிக்காதீங்க. சொல்லுங்க."

சரோஜா திரும்பினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. வாய் திறந்தது. நளினி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகேஸ்வரனும் பார்த்தான். சுவரோரம் ஒதுங்கி நின்ற இரண்டு பேரும் பார்த்தார்கள். பிறகு சரோஜா பக்கத்தில் இருந்த நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு, நளினியைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

அன்றே அவள் பேரைச் செக்ரோலிலிருந்து அடித்தார்கள். போலீசுக்குப் போக வேண்டாம் என்று மகேஸ்வரன் சொன்னதால் அதோடு விட்டார்கள்.

வீட்டில் நளினி கேட்டாள். "சொன்னீங்களா?"

"போயி அறைஞ்சிட்டு வந்தேனே."

"அறைஞ்சதக் கேக்கல. சொன்னீங்களா அண்ணி?"

"அதுக்குத்தானடி அறைஞ்சேன்," என்றாள் சரோஜா. உண்மையிலேயே புரியாதவள் போல நளினியைப் பார்த்தாள். "வேலையே போச்சு. இன்னும் என்ன சொல்லணும்?"

நளினி மறுபடி கேட்கவில்லை. சொல்லத் தெரியாதவளா, சொல்லக் கூடாது என்று இருப்பவளா என்று அந்த முகத்தில் தேடிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கராஜு பஸ் ஏறி வந்தார். ஆட்டம் நடந்தது. ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். மண்டோர் வேலை அந்தத் தடவையும் வேறு ஆளுக்குப் போனது.

அடுத்த வருடம் ஜூனில், சந்தைக்குப் போகிற வழியில், பஸ் நிலையத்தில் கேட்காமல் தன் பையைத் தூக்கி வண்டியில் வைத்த டாக்சிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது சரோஜா மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன்பே முடிந்துவிட்டது. சாவுக்கு லயத்திலிருந்து வங்காளதேசத்து ஆட்கள்கூட வந்தார்கள். அவளிடம் அடி வாங்கியவர்கள் பாதிப்பேர் இருந்தார்கள். தங்கராஜு ஆபீசில் நடந்ததை எல்லோருக்கும் சொன்னார். "தம்பி பொண்டாட்டிய ஒரு வார்த்த தப்பா எழுதிட்டான்னு கிராணியவே பேத்துட்டாள்லா. எவ நாத்தனா இப்படிச் செய்வா?" எல்லோரும் நளினியைப் பார்த்தார்கள். நளினி அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மகேஸ்வரனும் வந்திருந்தான். காரியம் முடிந்து போகும்போது நளினியிடம் தணிந்த குரலில் சொன்னான். "அன்னிக்கு எதுக்கு அடிச்சாங்கன்னு எனக்கு இப்பவும் புரியலக்கா. அவங்க வேற மாதிரி நடந்துச்சுன்னு சொல்லியிருந்தா நான் மாத்தி எழுதிருப்பேன். மிஷின்ல கூட நின்னவங்க சொன்னா மாத்தலாம். வேற யாரு சொன்னாலும் முடியாது."

நளினி வாயைத் திறந்தாள். செத்தவளின் மேல் இப்போது சொன்னால் அது புகார் ஆகிவிடும். உயிரோடு இருந்தவள் சொல்லியிருந்தால் அது வேறு ஒன்றாக இருந்திருக்கும். "விடு தம்பி," என்றாள்.

இந்த வருடம் மூன்றாவது தடவையாக மண்டோர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நளினி எழுதிக் கொடுத்தாள். தன் கவனக்குறைவால் விபத்து நேர்ந்ததுண்டா என்று பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதற்கு வேறு பதில் எழுதும் உரிமையை அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டியவள் ஒருத்தி. கொடுக்காமலே போய்விட்டாள். நளினி பேனாவை வலது கையில் பிடித்து, மிச்சமிருந்த விரல்களால் தாளை அழுத்திக்கொண்டு, உண்டு என்று எழுதினாள்.